அடுத்த குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்க்கும் ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் முதுகு வலி குறைந்ததா? பஸ் ஓட்டும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறாரா, இல்லை அதை யாராவது பயணிக்குத் தானம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து முனகுகிறாரா? என் மகள் சுண்டெலி சாப்பிட்டாளா, தூங்கினாளா, என்னைத் தேடினாளா? இந்த மூன்றுக்கும் முதலில் பதில் போடு.

விமானத்தின் கதவைத் திறந்ததும் யாரோ என் முகத்தைப் பிடித்து அடுப்புக்குள் தள்ளிய மாதிரி இருந்தது. பேக்கரி அடுப்பு முன்னாலேயே காலத்தை ஓட்டியவள் நான், எனக்கே மூச்சு முட்டியது. நம் ஊரில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலுக்கு ஏங்குவோமே, இங்கே வந்து பார். மழை பெய்தால்கூட வெந்நீராகத்தான் பெய்கிறது.

அறையில் என்னோடு நாலு பெண்கள். ஒரே ஒரு ஃபேன். அதற்கு நேர் கீழே இருக்கிற கட்டில் எல்லாருக்கும் மூத்தவளுக்கு. புதிதாக வந்தவளுக்குச் சுவரோரம். ஒருத்தி காலி செய்தால் எல்லாரும் ஒரு கட்டில் நகர்ந்துகொள்ள வேண்டுமாம். மந்திரி பதவிகூட இவ்வளவு ஒழுங்காகக் கைமாறாது.

பேக்கரி மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. முதலாளியம்மா ஆள் வாட்டசாட்டம், கையில் எப்போதும் ஒரு அட்டை விசிறி. "மாவு போடத் தெரியும்ல?" என்றார். "தெரியும்னுதானேம்மா டிக்கெட் அனுப்பினீங்க" என்றேன். சிரித்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஜூலையில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அதற்குள் எனக்கு நிரந்தரமான வேலையும் சொந்தச் சாவியோடு ஓர் அறையும் இருந்தால்தான் குழந்தையைக் கூட்டிக்கொள்ள அனுமதி கொடுப்பார்கள். இரண்டையும் வாங்கிவிடுவேன். அவள் அப்பா போன பிறகு ஒரு நாளாவது நான் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? ஜூலையில் நீ சுண்டெலியை அனுப்ப வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

உன் தங்கை,
சின்னவள்


பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மாமா தலையணையை வைத்துக்கொள்கிறார், நான்தான் அதைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேனே. சாப்பிட்டாள், தூங்கினாள், தேடினாள். போதுமா?

போனில் பேச வேண்டாம் என்று நான் சொன்னதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். என்ன செய்யட்டும்? நீ போய் இறங்கியதும் பேசினாயே, அதன் பிறகு இந்த வீடு வீடாக இல்லை. உன் குரலைக் கேட்டால் அழுகை, அழுதால் சாப்பாடு இறங்குவதில்லை. கடிதமே போதும். கடிதத்தை நான் உரக்கப் படிக்கிறேன், அவள் மடியில் உட்கார்ந்து கேட்கிறாள்.

அறையைப் பற்றி எழுதினாய், ஃபேனைப் பற்றி எழுதினாய், சரி. பெட்டியைக் கட்டும்போது பேக்கரியில் மாவுத் தொட்டிக்குப் போர்த்துவாயே, அந்தக் கம்பளியையும் திணித்தாயே, அது எதற்கு? நம் ஊர்க் குளிரில் மாவு பொங்க வேண்டுமென்று தொட்டியைப் பிள்ளையைப் போல அதில் சுற்றி அடுப்போரமாக வைப்பாய், சரி. அந்த ஊரில் கம்பளியைக் கண்டால் சிரிக்க மாட்டார்களா? "கைராசிக் கம்பளி, இது இல்லாம எனக்கு மாவு பொங்காது" என்று சண்டை போட்டாய். போர்த்திப் பார்த்தாயா? பொங்கியதா? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

சுண்டெலிக்கு முன் பல் ஆடுகிறது. நாள் பூராவும் நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல். ஆடுகிற பல்லை நீயாகப் பிடுங்காதே, கையைக் கடித்துவிடுவாள், என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியும்.

வேலை நன்றாகப் போகிறது. கடை பெரிய கடை, காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், கெட்டிக்காரர், சிடுமூஞ்சி. எனக்கு இங்கே "குளிர்காரி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காரி இங்கே வா, குளிர்காரி அங்கே போ. எனக்கும் அது பழகிவிட்டது.

சுவரோரக் கட்டிலிலிருந்து ஒரு கட்டில் முன்னேறிவிட்டேன். இப்போது ஃபேன் காற்று கால் பெருவிரலுக்கு மட்டும் வருகிறது.

வெடிப்புக்குப் போடுவோமே, அந்த மஞ்சள் களிம்பு, அதில் இரண்டு டப்பா யாராவது வந்தால் கொடுத்து அனுப்பு. விரல் இடுக்கெல்லாம் எரிகிறது.

சுண்டெலியிடம் சொல், இங்கே சுவருக்குச் சுவர் பல்லி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க அவள்தான் வர வேண்டும்.

சின்னவள்


மார்ச் 15

அடியே சின்னவளே,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை. என் காதில் பூ சுற்றாதே.

கடிதத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் படித்தேன். கடையைப் பற்றி இருக்கிறது, மாஸ்டரைப் பற்றி இருக்கிறது, பல்லியைப் பற்றிக்கூட இருக்கிறது. மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே இருந்தபோது வேலை முடிந்து என் வீட்டுப் பக்கம் வந்தால் மாவுப் புராணம் பாடாமல் நீ சோற்றில் கை வைத்ததுண்டா? "இன்னைக்குப் பட்டு மாதிரி வந்துச்சுக்கா" என்று எத்தனை நாள் என் உயிரை எடுத்திருக்கிறாய்!

அப்புறம் அந்தக் களிம்பு. மாவு பிசைகிற கை மெத்தென்று இருக்கும். உன் கையைப் பிடித்துப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். விரலிடுக்கு வெடிப்பது யாருக்கு? சோப்புத் தண்ணீரில் நாள் பூராவும் கை நனைக்கிறவளுக்கு. என்னடி நடக்கிறது அங்கே? மறைக்காமல் எழுது.

கஷ்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடு. இங்கே உன்னை யார் என்ன சொல்லப்போகிறார்கள்? நம் பேக்கரியில் மெஷின் வந்து உங்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள், அது உன் குற்றமா? இந்த வீட்டில் உனக்கும் குழந்தைக்கும் சேர்த்து உலை வைக்க எனக்குக் கை வலிக்காது. சுண்டெலி இங்கே நன்றாக வேர் விட்டுவிட்டாள். அவளைப் பிடுங்கி அந்த வெயிலில் நட வேண்டுமா? யோசி.

களிம்பு, மாமாவுடன் வேலை பார்க்கும் கண்டக்டரின் மருமகன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம். களிம்பு வந்தது. நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

சொல்கிறேன், சிரிக்காமல் கேள். முதல் நாள். மாவைப் பிசைந்தேன், பட்டு மாதிரி வந்தது. மாஸ்டர்கூட எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார், அந்த ஆளுக்கு அது பாராட்டு. அப்புறம் என் கை அதன்பாட்டுக்கு நான் கொண்டுபோயிருந்த பைக்குள் போய்க் கம்பளியை எடுத்து, தொட்டியைச் சுற்றிக் கழுத்துவரை போர்த்தி, அடுப்போரமாகத் தள்ளிவிட்டது. அக்கா, ஒரே ஒரு விநாடி யோசித்திருந்தால்கூட செய்திருக்க மாட்டேன். வெளியே நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது, நான் மாவுக்குக் கம்பளி போர்த்துகிறேன்! மாவு போட்டால் போர்த்துவது, போர்த்தினால் ஒரு டீ குடிப்பது. நம் ஊரில் அப்படியே கை ஊறிப் போயிருக்கிறது.

டீ குடித்துவிட்டு வந்தேன். மாவு கம்பளியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறது. தொட்டியை விட்டு இறங்கித் தரையில் நடந்து அடுப்படிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடை முழுக்கப் புளித்த நாற்றம். மாஸ்டர் கம்பளியை இரண்டு விரலால் தூக்கி முதலாளியம்மாவிடம் காட்டினார். மாவு சொட்டுகிறது. முதலாளியம்மா விசிறியை நிறுத்திவிட்டார்.

"உனக்குக் குளிருதாம்மா?" என்றார்.

அன்றைய காலை ரொட்டி முழுவதும் போச்சு. வந்தவர்கள் எல்லாரும் வெறும் பையோடு திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து நான் ட்ரே கழுவுகிறேன். ட்ரே கழுவுகிறவளுக்கு நிரந்தரம் கிடையாது, நிரந்தரம் இல்லாதவளுக்குக் குழந்தையைக் கூட்டிவர அனுமதி கிடையாது. இதைத்தான் எழுதவில்லை. எப்படி எழுதுவேன்? நீ உரக்கப் படிப்பாய், அவள் மடியில் உட்கார்ந்து கேட்பாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், திரும்பி வர மாட்டேன். ட்ரே கழுவிக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாஸ்டரின் கையைப் பார்க்கிறேன். இங்கே எல்லாமே தலைகீழ். நம் ஊரில் வெந்நீர், இங்கே ஐஸ் தண்ணீர். நாம் மாவைத் தூங்க விடாமல் எழுப்புவோம், இவர்கள் ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறார்கள். மாஸ்டரிடம் போய், "வேலை முடிஞ்சதும் ஒரு கிண்ணம் மாவு போட்டுப் பழகிக்கிறேன், கெட்டா நானே தின்னுடுறேன்" என்றேன். "தின்னு சாவு" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது தினமும் புளித்த ரொட்டிதான் எனக்குச் சாப்பாடு. புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது.

ஜூலை ஜூலைதான்.

சின்னவள்


ஏப்ரல் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படித்து மாமா சிரித்த சிரிப்பில் அவருடைய முதுகு திரும்பவும் பிடித்துக்கொண்டது. "மாவு நடந்து போச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். சுண்டெலிக்கு அந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். மீதியைப் படிக்கவில்லை, பயப்படாதே.

உன்னுடைய பிடிவாதம் எனக்குத் தெரியாததா? ஆனால் நிதானமாக யோசி. சுண்டெலிக்குப் போன வாரம் இருமல். இருமல் உள்ள பிள்ளை இந்த ஊரை விட்டு அந்த ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? கொசு வேறு இருக்குமே? இங்கே டீச்சர் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். தோழி ஒருத்தி கிடைத்திருக்கிறாள், இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிகின்றன. ஜூலை என்று நாள் குறித்துக்கொண்டு ஏன் பறக்கிறாய்? அடுத்த வருஷமும் அங்கே ஜூலை வரும்.

இப்போதுதான் குளிர் விட்டிருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, சுண்டெலிக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்திருக்கிறேன். நீல நிறம். கையைக் கொஞ்சம் நீளமாகவே வைத்திருக்கிறேன், அடுத்த குளிருக்குச் சரியாக இருக்கும்.

கீழே உன் மகள் எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம் என்று உத்தரவு.

அக்கா

அம்மா பல் விழுந்துருச்சு. நான் கடிக்கல. மாவு எங்க வரைக்கும் நடந்துச்சு. பல்லிக்கு பேரு வச்சிட்டேன் மொதலாளி.


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமோ நலம். நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும். இருமல் நின்றதா?

என் மகளிடம் சொல், மாவு அடுப்படி வரைக்கும் நடந்தது. இப்போது நடப்பதில்லை, சொன்ன இடத்தில் உட்காருகிறது.

போன வாரம் மத்தியானம் கரண்ட் போனது. இங்கே போனால் உடனே வராது. ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீர். ஐஸ் வண்டியும் வரவில்லை. சாயங்கால ரொட்டிக்கு மாவு போட்டாயிற்று, அது மாஸ்டரின் கண் முன்னாலேயே பொங்க ஆரம்பித்துவிட்டது. "அவ்வளவுதான், இன்னைக்குக் கடை கிடையாது" என்று சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் கை சும்மா இருக்குமா? போர்த்திப் பழகின கை. பின்பக்கம் மாவு வந்த காலிச் சாக்குகள் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிழிந்து, மாவுத் தொட்டியைக் கழுத்துவரை சுற்றினேன். சுற்றியதும் மாஸ்டர், "மறுபடியும் போர்த்துறா பாரு!" என்று அலறிவிட்டார். "போர்த்துற பழக்கம் போகாது மாஸ்டர், போர்வையைத்தான் மாத்தியிருக்கேன், ஒரு கை பிடிங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து பிடித்தார். பின்பக்க நடையில் காற்று நன்றாக வரும், அங்கே கொண்டுபோய் வைத்தோம். சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். சாக்கு ஜில்லென்று ஆகிவிட்டது. மாவு அடங்கி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் ரொட்டி வந்தது. பட்டு மாதிரி வந்ததுக்கா!

முதலாளியம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "ட்ரேயை நாளையிலிருந்து வேற ஆள் கழுவட்டும்" என்றார். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். மாஸ்டர், "இதுல உப்பு போதும், அழாதே" என்றார். இப்போது நிரந்தரம். கடைக்கு மேலே ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது, சாவி இருக்கிறது, ஒரு முழு ஃபேன் எனக்கே எனக்கு. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டாயிற்று. ஜன்னலில் நின்றால் அதன் கேட் தெரிகிறது. அனுமதியும் ஜூனில் வந்துவிடும்.

இனி நான் கேட்பதற்கு நீ பதில் சொல்.

அடுத்த குளிருக்கு அவளுக்கு ஸ்வெட்டர் எதற்கு? அடுத்த குளிரில் அவள் இங்கே அல்லவா இருப்பாள்? இங்கே ஸ்வெட்டர் போட்டால் ஆள் வெந்துபோகும். தெரிந்துதானே கையை நீளமாக வைத்திருக்கிறாய்? இருமல் என்றாய், கொசு என்றாய், முதல் வரிசை என்றாய். எல்லாவற்றையும் நம்பினேன். அந்த நீளக் கையை என்னால் நம்ப முடியவில்லை அக்கா.

ஜூன் கடைசியில் அவளை அனுப்பி வை.

சின்னவள்


ஜூன் 9

அக்காவுக்கு,

நலம். அங்கே நலமா என்று எனக்குத் தெரியாது. கிணற்றில் போட்ட கல் மாதிரி என் கடிதம் கிடக்கிறது.

அனுமதி வந்துவிட்டது. என் அறையில் சின்னக் கட்டில் ஒன்று போட்டிருக்கிறேன். தினமும் அதன் மேல் விரிப்பைத் தட்டிப் போடுகிறேன், படுக்க ஆள் இல்லை.

கோபமென்றால் திட்டி எழுது. நீ திட்டி நான் வளர்ந்தவள், தாங்குவேன். பேசாமல் இருந்தால் தாங்க மாட்டேன். நீ எழுதவில்லை என்றால் வேலையைப் போட்டுவிட்டு நானே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அப்புறம் வேலை இருக்குமா என்று தெரியாது. இல்லாவிட்டால் மறுபடியும் ட்ரேயிலிருந்து ஆரம்பிப்பேன். ஆனால் வருவேன்.

சின்னவள்


ஜூன் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா எழுதுவது. எல்லாரும் நலம். எனக்கு ஸ்டியரிங் பிடிக்க வரும், பேனா பிடிக்க வராது. பொறுத்துக்கொள்ளவும்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. உன் அக்கா படித்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். நான் எடுத்துப் படித்தேன். அவளுக்குத் தெரியாமல் இதை டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன் விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். நீ பேசிய அன்று குழந்தை அழவில்லை. சிரித்தது. போனை வைத்ததும், "அம்மாகிட்ட எப்போ போவேன்?" என்று கேட்டது. அழுதது உன் அக்காதான். சாப்பாடு இறங்காததும் அவளுக்குத்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அவள் ஒரு நாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த ஆறு மாதமாக வீட்டுக்கு வந்தால் சத்தம் கேட்கிறது. எனக்கும் அது பிடித்திருக்கிறது. அதனால்தான் நானும் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

போன ஞாயிறு மத்தியானம் குழந்தை தூங்கி எழுந்து, தூக்கக் கலக்கத்தில் அவளை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டது. உன் அக்காவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷம். அப்புறம் குழந்தைக்குத் தூக்கம் தெளிந்தது. அவளை நன்றாகப் பார்த்தது. "நீங்க பெரியம்மால்ல" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் ஏறி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு உன் அக்கா ஸ்வெட்டரைத் தொடவில்லை.

நேற்று என்னிடம், "உங்களுக்கு லீவு எத்தனை நாள் இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ வேலையை விட்டுவிட்டு வராதே.

மாமா


ஜூன் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் சுகம். உன் மாமா உனக்கு எழுதியிருக்கிறார் என்று தெரியும். டிப்போ மையின் நிறம் அவர் விரலில் இருந்தது. இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டுமா போலீஸ்?

நான் விளக்கம் ஒன்றும் எழுதப் போவதில்லை. அவள் உன் பிள்ளை. ஜூலை 3ஆம் தேதி மாமா கூட்டிக்கொண்டு வருகிறார். நான் வரவில்லை. வந்தால் திரும்ப மாட்டேன்.

தலை வாரும்போது வலது பக்கம் சிக்கு அதிகம், கீழிருந்து மேலே வார வேண்டும், மேலிருந்து வாரினால் ஊரைக் கூட்டுவாள். பாலில் ஆடை இருந்தால் தொட மாட்டாள், நீ இங்கே இருந்தபோது சாப்பிடுவாள், இப்போது மாட்டாள். தூங்கும்போது உன் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். இதுவும் புதிது. கையை எடுத்துவிடாதே, தானாக நழுவும் வரை விட்டுவிடு. பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பாள். சாக்பீஸ் தின்கிறாள், பார்த்துக்கொள்.

உனக்கு ரொட்டி பட்டு மாதிரி வந்ததைப் படித்தேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுத வேண்டும். சந்தோஷப்பட்டேன், மறுநாள்தான்.

அக்கா


ஜூலை 20

என் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மாமா பத்திரமாகத் திரும்பினாரா? முதுகு எப்படி?

விமான நிலையத்தில் அவர்கள் வெளியே வரும் கதவில் காலையிலிருந்தே நின்றேன். மாமாவின் சட்டை முதலில் தெரிந்தது. பிறகு நீல ஸ்வெட்டர் ஒன்று தனியாக நடந்து வந்தது. உள்ளே என் மகள். கை நுனி விரலையும் தாண்டித் தொங்குகிறது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டுகிறது. "கழட்டச் சொன்னா கேட்க மாட்டேங்குது, விமானத்துலயும் இப்படித்தான்" என்றார் மாமா. நான் மண்டிபோட்டுக் கழற்றப் போனேன். "கழட்டாதீங்க, பெரியம்மா போட்டு விட்டாங்க" என்று இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டாள். அக்கா, அந்த இடத்திலேயே எனக்கு உன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பிள்ளையைப் பெற்றவள் மேல் வராத பாசமா உன் மேல் என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதான் கழற்றினாள். அந்தச் சின்னக் கட்டிலின் கால்மாட்டில் மடித்து வைத்திருக்கிறாள். தூங்கும்போது என் காதைப் பிடித்தாள். நீ சொன்ன மாதிரி விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் போகிறாள். முதல் நாள் போகும்போது அழுதாள், வரும்போது சிரித்தாள். மாஸ்டரைப் பார்த்து, "நீங்கதான் சிடுமூஞ்சியா?" என்று கேட்டுவிட்டாள். கடிதத்தை உரக்கப் படித்ததன் பலன்! மாஸ்டர் பிசைந்த மாவில் ஒரு எலி செய்து கொடுத்தார்.

அந்த ஸ்வெட்டரை இந்த வருஷக் குளிருக்கு அவள் போட்டாக வேண்டும். இங்கே டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை. அங்கே அப்போது நல்ல குளிர். பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருக்கிறேன், டிசம்பர் பூராவும் அவள் உன்னிடம் இருப்பாள். இந்த வருஷம் மட்டும் இல்லை, எல்லா வருஷமும். அதனால் பின்னுவதை நிறுத்தாதே. ஒவ்வொரு குளிருக்கும் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வோம். எடு. அழுதால் அழு, நாங்களும் அழுவோம்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை நூல் வைத்து அளந்து, அந்த நூலை இந்தக் கடிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

சின்னவள்


ஆகஸ்ட் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் சுகம். ஞாயிறு போனில் நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன் என்று குறைப்பட்டாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் நான் எப்போது பேசுவது?

நூல் வந்தது. உனக்கு அளக்கத் தெரியவில்லை. கையை நீட்டச் சொல்லி அளந்திருக்கிறாய், கொஞ்சம் மடக்கச் சொல்லித்தான் அளக்க வேண்டும். போகட்டும்.

மாமா டிசம்பருக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். டிப்போவில் சிரிக்கிறார்களாம்.

நீல ஸ்வெட்டர் டிசம்பருக்குச் சரியாக இருக்கும். அதற்கடுத்த குளிருக்குச் சிவப்பு ஆரம்பித்துவிட்டேன். அந்த ஊர்ச் சூட்டில் மாவு சீக்கிரம் பொங்கிவிடுகிறது என்று நீதானே எழுதினாய். பிள்ளையும் அப்படித்தான் வளரும். நீ அனுப்பிய நூலுக்கு மேல் இரண்டு விரல் கூட வைத்துப் பின்னுகிறேன்.

அக்கா